நோய் தீர்க்கும் களத்தில் உடனிருப்போர்: வெறியாட்டு, ஆடிச்சுற்று, இணையப் பாத்திரமேற்பு

ஆய்வுச் சுருக்கம்

நோய் தீர்க்கும் நிகழ்வுகளைப் பற்றிய ஆய்வுகள் தீர்ப்பவரையும் நோயுற்றவரையும் மையமாகக் கொண்டே பெரிதும் அமைகின்றன. களத்தில் கூடியிருக்கும் மற்றவர்கள் ‘கூட்டம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கப்படுகின்றனர். இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் இடம்பெறும் குழு நலமாக்கல் காட்சிகளிலும் இதே குறை காணப்படுகிறது. காயமோ மருந்தோ இல்லாத பாத்திரத்துக்குக் காட்சியில் வேலை இல்லாமற்போகிறது. சங்க அகப்பாடல்களின் வெறியாட்டுக் காட்சிகளையும் சங்கரன்கோவில் ஆடித்தபசு விழாவின் ஆடிச்சுற்று வழக்கத்தையும் இக்கட்டுரை ஒருசேர வைத்து வாசிக்கிறது. உடனிருப்போருக்குச் சான்று, திருத்தம், சுமை என்னும் மூவகைப் பணிகளைத் தமிழ் மரபு வகுத்துள்ளது என்பதை நிறுவி, அப்பணிகளின் வழியே இணையக் காட்சிகளை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: வெறியாட்டு, அறத்தொடு நிற்றல், ஆடித்தபசு, ஆடிச்சுற்று, பாத்திரமேற்பு, உடனிருப்போர்.

முன்னுரை

ஒருவருக்கு நோய் வந்தால் அவரைச் சுற்றிப் பலர் கூடுவது தமிழ்ச் சமூக வழக்கம். அவர்களுள் ஒருவர் மருந்து அறிந்தவராகவோ தெய்வம் ஏறப்பெற்றவராகவோ இருப்பார். எஞ்சியோர் உறவினர், அயலார், வழிப்போக்கர். இவர்கள் அங்கு எதற்காக இருக்கின்றனர்? இவர்களை நீக்கிவிட்டாலும் நோய் தீர்க்கும் செயல் அவ்வாறே நடைபெறுமா? வழிபாட்டு ஆய்வில் நெடுங்காலமாக ஓரத்தில் நின்ற இவ்வினா, இணையத்தில் பலர் கூடிக் கதை புனைந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் நடைமுறைச் சிக்கலாகவே எழுகிறது. ஏழு பேர் கூடிய ஒரு காட்சியில் ஒரு பாத்திரம் காயமுற்றுக் கிடக்கிறது, மற்றொன்று மருத்துவம் செய்கிறது. மீதமுள்ள ஐவர் என்ன எழுதுவது? ‘கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றான்’ என்று ஒருமுறை எழுதலாம். அதையே மீண்டும் மீண்டும் எழுத இயலாது.

இச்சிக்கலுக்கான விடையை விளையாட்டு நுட்பங்களுக்குள் மட்டும் தேட வேண்டியதில்லை. குழுவாகக் கூடி நோய் தீர்க்கும் காட்சியைப் பாத்திரங்களின் கூற்றாக அமைத்துக் காட்டிய நீண்ட மரபு தமிழுக்கு உண்டு. பார்க்க வந்தவரையும் நிகழ்வின் பொறுப்பில் சேர்த்துக்கொள்ளும் விழா தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. இவ்விரண்டையும் முதலில் ஆராய்ந்து, அவற்றிலிருந்து பெறப்படும் அளவுகோலை இணையக் காட்சிகளின் மேல் பொருத்துவது இக்கட்டுரையின் முறை. இவ்வழிபாடுகள் நோயைத் தீர்க்கின்றனவா என்னும் மருத்துவ வினா இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. களத்தில் யாருக்கு என்ன பங்கு தரப்படுகிறது என்பதே ஆய்வுப் பொருள்.

வேலனும் தோழியும்

அகப்பாடல்களில் வெறியாட்டு ஒரு குழு நிகழ்வு. தலைவியின் உடல் மெலிகிறது, தோள் நெகிழ்கிறது. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். முருகனால் வந்த நோய் என்று சொல்லப்படுகிறது. வேலன் வருகிறான், களம் அமைக்கப்படுகிறது, பலி இடப்படுகிறது. தாய், செவிலி, முதுபெண்டிர், தோழி எனப் பலர் அங்கு உள்ளனர். இக்காட்சிகள் முருக வழிபாட்டின் தொன்மைக்குச் சான்றாகவே மிகுதியும் எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. அவ்வாறு எடுத்தாளும்போது வேலனே காட்சியின் நாயகன் ஆகிவிடுகிறான். பாடல்களின் அமைப்போ வேறுவகைப்பட்டது. அவற்றில் பேசுபவர் வேலன் அல்லர். அருகில் நிற்கும் தோழியோ, நோயாளியாகக் கருதப்படும் தலைவியோதான் பேசுகின்றனர்.

குறுந்தொகை 362ஆம் பாடலில் (வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன்) தோழி வேலனை நேர்நின்று வினவுகிறாள். பல நிறச் சோற்றையும் மறியையும் பலியாகப் படைக்கிறாயே, இவளுக்கு இந்நோயைத் தந்த மலைநாடனின் மார்பும் அப்பலியை உண்ணுமோ என்பது அவள் வினாவின் பொருள். சடங்கைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவளுக்கு இல்லை. களத்தில் நிற்கும் உரிமையும் ஒரு வினா எழுப்பும் உரிமையுமே உள்ளன. அவ்வினா ஒன்றே நோயின் பெயரை மாற்றிவிடுகிறது. முருகணங்கு என்று பெயரிடப்பட்டது காதல் என்று பெயர் பெறுகிறது. நற்றிணை 34இல் தோழி இன்னும் ஒரு படி மேலே சென்று முருகனையே விளிக்கிறாள். இந்நோய் தன்னால் வந்ததன்று என்று அறிந்திருந்தும் வேலன் அழைத்தான் என்பதற்காக வெறிமனைக்கு வந்த தெய்வம், தெய்வமே ஆயினும் அறியாமை உடையது என்கிறாள்.

குறுந்தொகை 23ஆம் பாடலில் ஔவையார் காட்டும் தோழி வேறொரு வழியைக் கைக்கொள்கிறாள். கட்டுவிச்சி பல மலைகளைப் பாடிவருகையில் தலைவனின் குன்றம் பற்றிய பாட்டும் இடையில் வருகிறது. அந்தப் பாட்டை மீண்டும் பாடுமாறு தோழி வேண்டுகிறாள். மறுப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. மீண்டும் பாடச் சொல்லும் வேண்டுகோள் மட்டுமே. அருகில் இருக்கும் செவிலி அதன் குறிப்பை உணரவேண்டும் என்பது தோழியின் எதிர்பார்ப்பு. நோய் தீர்ப்பவரின் கருவியாகிய பாட்டையே எடுத்து அதனைச் சரியான திசைக்குத் திருப்பும் இச்செயல், உடனிருப்பவர் செய்யக்கூடிய தலையீடுகளுள் மிக நுட்பமானது.

குறுந்தொகை 111இல் மற்றொரு பார்வையாளர் சேர்க்கப்படுகிறார். தலைவியின் நோயை முருகன்மேல் ஏற்றி நம் வீட்டார் செய்யும் நகைப்புக்குரிய செயலைத் தலைவன் சற்றே வந்து காணட்டும் என்கிறாள் தோழி. நோய்க்குக் காரணமானவனே பார்வையாளனாக அழைக்கப்படுகிறான். பார்த்தபின் அவன் வாளா இருத்தல் இயலாது, வரைவுக்கு முனைய வேண்டும் என்பது கூற்றின் உள்நோக்கம். அகநானூறு 22இல் இச்சூழல் முழுமை பெறுகிறது. வெறிபாடிய காமக்கண்ணியார் பாடிய அப்பாடலில் களம் ஆரவாரத்தோடு அமைக்கப்பட்ட அதே இரவில் காவலரின் கண்ணில் படாமல் தலைவன் வந்து சேர்கிறான். அவன் வரவால் தலைவியின் நோய் தணிகிறது. தொடர்பே இல்லாத வேலன் சிறப்புப் பெற்றதை எண்ணி அவள் நகைக்கிறாள்.

இப்பாடல்களைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. வேலன் பொய்யன் என்று பாடல்கள் கூறவில்லை. தான் அறியாத ஒன்றை அறிந்ததாகக் கொண்டு, தலைவியைக் கேளாமலேயே அவள் நோய்க்குக் காரணம் வகுத்துவிடுகிறான் என்பதே அவன் குறை. அக்குறையை நிறைவு செய்யும் அறிவு உடனிருக்கும் தோழியிடம் உள்ளது. இலக்கண மரபு ‘அறத்தொடு நிற்றல்’ என இதனை வகைப்படுத்தியது. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உண்மையைப் படிப்படியாக உணர்த்துவர். ஒரு நோய் தீரும் வழி, உடனிருப்போர் ஒருவர்பின் ஒருவராகப் பொறுப்பேற்பதால் திறக்கிறது. உடனிருத்தலை அறமாகவே பெயரிட்டு அழைத்த மரபு இது.

சங்கரன்கோவில்: வலியைப் பகிரும் சுற்று

வெறியாட்டில் உடனிருப்பவரின் பணி சொல்லால் நிகழ்கிறது. உடலால் நிகழும் பங்கேற்பைக் காணச் சங்கரன்கோவில் உதவும். சங்கரநாராயணசுவாமி திருக்கோயிலில் சங்கரலிங்கசுவாமி, சங்கரநாராயணர், கோமதி அம்மன் ஆகிய மூவருக்கும் தனித்தனிச் சன்னதிகள் உள்ளன. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா எனச் சங்கன், பதுமன் என்னும் நாக அரசர்கள் வாதிட்டனர் என்றும், இருவரும் ஒருவரே என உலகோர் உணரும்பொருட்டு அம்மன் தவமிருந்து சங்கரநாராயணக் கோலத்தைக் கண்டாள் என்றும் தலபுராணம் கூறும். ஆடி மாதத்தில் கொண்டாடப்படும் ஆடித்தபசு இக்காட்சியை ஆண்டுதோறும் வீதியில் நிகழ்த்திக் காட்டுகிறது.

இக்கோயில் நோய் தீர்க்கும் தலமாகவும் அறியப்படுகிறது. புற்றுமண் பிரசாதமாக வழங்கப்படுகிறது. அதனைப் பூசினால் தோல் நோய்கள் நீங்கும் என்பது அடியார் நம்பிக்கை. பாம்பு, தேள் முதலியவற்றின் அச்சம் நீங்க அவற்றின் உருவம் பொறித்த வெள்ளித் தகடுகள் காணிக்கையாகச் செலுத்தப்படுகின்றன. அம்மன் சன்னதியின் முன் சக்கரம் பதித்த குழி ஒன்றுண்டு. மனநலம் குன்றியோரும் தீய ஆவி பற்றியதாகக் கருதப்படுவோரும் அதில் அமர்ந்து வழிபட்டால் நலம் பெறுவர் என்று நம்பப்படுகிறது. இவ்வழக்கங்களில் பெரும்பாலானவற்றை நோயுற்றவர் தாமே நிறைவேற்ற வேண்டும் என்பதில்லை. புற்றுமண்ணை வீட்டிலிருப்பவருக்காக எடுத்துச் செல்லலாம், தகட்டைப் பிள்ளைக்காகத் தாய் செலுத்தலாம். பிறருக்காக ஏற்கும் செயல் என்பது இத்தலத்தில் இயல்பான ஒன்று.

அதன் உச்சம் ஆடிச்சுற்று. விழாவுக்குக் கொடியேறியபின் அடியார்கள் தாம் நேர்ந்துகொண்ட எண்ணிக்கையில் கோயிலைச் சுற்றி வருவர். அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்கிறாள், அவளது கால்வலியைச் சுற்றி நடப்பவர்கள் தம் கால்களில் ஏற்றுக்கொள்கின்றனர் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இவ்விளக்கத்தின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. இங்கே வலி தாங்குபவள் நோய் தீர்க்கும் தெய்வமே. அவளை நாடி நலம் பெற வந்தவர்களே அவள் வலிக்குப் பங்காளிகள் ஆகின்றனர். தீர்ப்பவர், தீர்க்கப்படுபவர் என்ற எல்லைக்கோடு நடக்க நடக்க மங்குகிறது. நடப்பவரிடம் மந்திர அறிவு வேண்டியதில்லை, சாமியாடும் தகுதி வேண்டியதில்லை. கால்கள் இருந்தால் போதும்.

தபசுக் காட்சியின்போது உழவர்கள் தம் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் வற்றல், தானியம் முதலியவற்றைச் சூறைவிடுவதும் இவ்வகையினதே. காட்சி அம்மனுக்கும் இறைவனுக்கும் இடையில் நிகழ்வது. உழவர் அதற்கு வெளியே நிற்பவர். எனினும் கையிலிருப்பதை வீசும் செயலால் அவர் பார்வையாளர் நிலையிலிருந்து நீங்குகிறார். வேளாண்மையின் நலமும் அம்மன் பெறும் காட்சியும் ஒரே கணத்தில் இணைக்கப்படுகின்றன. காட்சியின் மையம் மாறவில்லை. அதன் ஓரம் உயிர்பெற்றுவிடுகிறது.

மூவர் கொண்ட களம்: கோட்பாட்டு மறுபார்வை

நோய் தீர்க்கும் களத்தில் கூட்டத்தின் பங்கைக் கோட்பாட்டளவில் ஏற்றுக்கொண்டவர்களுள் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் முதன்மையானவர். 1949இல் வெளிவந்த மந்திரவாதியும் மந்திரமும் பற்றிய கட்டுரையில் மந்திரவாதி, நோயாளி, சமூகம் ஆகிய மூன்றின் நம்பிக்கைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதாக அவர் விளக்கினார். அதில் இடம்பெறும் க்வாகியூட்டல் இனத்து மந்திரவாதி கேசலித், தன் வித்தையை முதலில் நம்பாதவர், அதன் பொய்ம்மையை வெளிப்படுத்தவே அதனைக் கற்கத் தொடங்கியவர். ஆயினும் கூட்டம் அவரை நம்பியது. அந்நம்பிக்கையே அவரைச் சிறந்த மந்திரவாதி ஆக்கியது என்பது லெவி-ஸ்ட்ராஸின் முடிவு.

சங்க வெறியாட்டு இதன் தலைகீழ் வடிவம். இங்கே தீர்ப்பவன் நம்புகிறான், அருகில் நிற்பவள் ஐயுறுகிறாள். லெவி-ஸ்ட்ராஸின் கூட்டத்துக்கு ஒரே குரல்தான் உண்டு, அது இசைவு. அகப்பாடல்களின் கூட்டத்துக்குள் தாயின் அச்சம், முதுபெண்டிரின் உறுதி, தோழியின் மறுப்பு எனப் பல குரல்கள் உள்ளன. மறுக்கும் குரலும் நோய் தீர்வதற்கு உதவுகிறது. ஆகவே உடனிருப்போரின் பங்கை நம்பிக்கை என்னும் ஒற்றைச் சொல்லால் அளப்பது போதாது. ஐயமும் ஒரு பங்கேற்பே.

ஜேக்கப் மொரினோவின் உளநாடக முறை இதற்கு அண்மையில் வருகிறது. மேடை, முதன்மையர், இயக்குநர், துணைப் பாத்திரங்கள், அவையினர் என ஐந்து கருவிகளை அவர் வகுத்தார். நாடகம் முடிந்தபின் அவையினர் பேசும் பகுதி ஒன்றுண்டு. அப்போது அவர்கள் முதன்மையருக்கு அறிவுரை கூறவோ அவரை ஆராயவோ கூடாது. அவர் ஆடியது தம் வாழ்வில் எதனைத் தொட்டது என்பதை மட்டுமே பகிரவேண்டும். பிறரின் காயத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறாமல் தன்னையும் அதன் அருகில் வைத்துக்கொள்ளும் இவ்விதி, ஆடிச்சுற்றின் உள்ளீட்டோடு ஒப்புநோக்கத்தக்கது.

உடனிருப்பின் பயனை வேறு கோணத்திலிருந்து காட்டும் ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்துள்ளது. மனநோயாளிகள் தங்கும் கோயில் ஒன்றில் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய அவ்வாய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்தது. அங்குத் தங்கிய 31 பேரின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நோயாளிகளோடு குடும்பத்தார் உடன் தங்கினர். தனிச்சிறப்பான சடங்கு எதுவும் இதற்குக் காரணமாகத் தோன்றவில்லை, அச்சுறுத்தாத ஆதரவான சூழலே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதிலிருந்து பெரிய முடிவுகளைப் பெறுதல் தகாது. எனினும் தீர்ப்பவரை மட்டும் நோக்கிய கண்ணை உடனிருப்போர் பக்கம் திருப்ப இது போதுமானது.

இதுவரை கண்டவற்றிலிருந்து உடனிருப்போரின் பணிகளை மூன்றாக வகுக்கலாம். ஒன்று சான்று: நடந்ததைக் கண்டவராக இருத்தல், கண்டதால் பொறுப்புக்கு உள்ளாதல். குறுந்தொகை 111 தலைவனை இதற்கே அழைக்கிறது. இரண்டு திருத்தம்: தீர்ப்பவரின் கணிப்பை வினாவாலோ வேண்டுகோளாலோ சரிசெய்தல். மூன்று சுமை: வலியின் ஒரு பகுதியைத் தன் உடலுழைப்பாலும் பொருளாலும் ஏற்றல். இம்மூன்றையும் தீர்ப்பவர் தாமே செய்துகொள்ள இயலாது என்பது இவற்றின் பொதுப்பண்பு.

இணையப் பாத்திரமேற்பில் குழு நலமாக்கல்

1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்னும் எழுத்துவழி விளையாட்டில் தொடங்கிய பலர் கூடி ஆடும் மெய்நிகர் உலகங்கள், 2004இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ போன்றவற்றின் வழியே பரந்தன. நலமாக்குவோர் என்னும் பாத்திர வகை இவற்றில் நிலைபெற்றுள்ளது. குழு முழுவதையும் ஒரே வேளையில் குணப்படுத்தும் ஆற்றல்களும் உள்ளன. அவ்வாற்றலின் விதி பெரும்பாலும் குழு உறுப்பினரை மட்டுமே அறியும். குழுவுக்கு வெளியே அருகில் நிற்கும் பாத்திரத்தை அது தொடுவதில்லை. கணிப்பொறி வகுத்த எல்லை இது. எழுத்தால் கதை புனையும் பாத்திரமேற்பிலோ இவ்வெல்லை விதியால் வருவதன்று, கற்பனைக் குறைவால் வருகிறது.

காட்சியில் வேலையற்று நிற்பவரை உட்சேர்க்க ஆட்டக்காரர் மேற்கொள்ளும் எளிய வழிகள் இரண்டு. எல்லாப் பாத்திரங்களுக்கும் சிறு காயமேனும் தருவது ஒன்று. எல்லோரும் கைகோத்து நலமாக்குபவருக்கு ஆற்றல் வழங்குவது மற்றொன்று. முதல் வழியில் அனைவரும் நோயாளிகள் ஆகின்றனர், இரண்டாம் வழியில் அனைவரும் மருத்துவர்கள் ஆகின்றனர். இரண்டிலும் உடனிருப்பவர் என்னும் நிலை அழிந்துவிடுகிறது. காயமுற்றவரின் காயம் தனித்தன்மையை இழக்கிறது. அனைவரும் ஒரே செயலைச் செய்வதால் அடுத்தடுத்த எழுத்துமுறைகளில் புதிதாக எதுவும் நிகழ்வதில்லை.

மூவகைப் பணிகளைப் பொருத்திப் பார்த்தால் வேறு வழி தெரியும். எடுத்துக்காட்டாக, ஆற்றங்கரையில் காயமுற்றுக் கிடக்கும் ஒரு வீரனைச் சுற்றிய காட்சியைக் கருதலாம். அம்பு எத்திசையிலிருந்து வந்தது என்று கண்ட ஆட்டிடையன் சான்றாகிறான். அவன் சொல் மருத்துவரின் மருந்தைத் தீர்மானிக்கும். இது நச்சம்பு அன்று, இவன் நடுக்கத்துக்கு வேறு காரணம் உண்டு என்று ஐயுறும் தங்கை திருத்தம் செய்கிறாள். இரவு முழுவதும் விளக்கைப் பிடித்து நிற்கும் வழிப்போக்கன் சுமை ஏற்கிறான். மறுநாள் காட்சியில் அவன் கைகள் நடுங்க வேண்டும். இவர்கள் எவரும் மருத்துவரின் இடத்தைப் பறிக்கவில்லை. ஆயினும் ஒருவரை நீக்கினாலும் காட்சி வேறாகிவிடும். உடனிருப்பவர் முறையாக உட்சேர்க்கப்பட்டாரா என்பதற்கு இதுவே சோதனை: அவரை நீக்கிப் பார்க்கும்போது விளைவு மாறவேண்டும்.

காலமும் இங்கு ஒரு சிக்கல். எழுத்துவழி ஆட்டத்தில் ஒவ்வொருவரும் முறைவைத்து எழுதுவதால் உடனிருப்பவர் நெடுநேரம் காத்திருக்க நேர்கிறது. முறை வந்தவுடன் காத்திருந்ததற்கு ஈடாக நீளமாக எழுதுகிறார், காட்சி மேலும் தளர்கிறது. நெல்லை, குமரி வட்டாரங்களின் வில்லுப்பாட்டில் இதற்கு ஒரு தீர்வு உண்டு. தலைமைப் பாடகர் கதை சொல்லிவர, உடன் இருப்போர் ‘ஆமாம்’ என்று இடையிடையே ஏற்றுரைப்பர். ஒற்றைச் சொல்தான், ஆனால் கதை அதன்மேல் காலூன்றியே அடுத்த அடி வைக்கிறது. நலமாக்கல் காட்சியிலும் முறைக்குக் காத்திராமல் ஓரிரு சொற்களில் எழுதும் உரிமையை உடனிருப்போருக்கு அளித்தால் அவர்கள் களத்தை விட்டு நீங்கமாட்டார்கள்.

உடனிருப்போரின் செயல் எப்போதும் நன்மையே பயக்கும் என்றும் கொள்ளுதல் ஆகாது. 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒரு நிலவறைப் போருக்கு மட்டும் உரிய தொற்றுச் சாபம் எதிர்பாராமல் நகரங்களுக்குப் பரவியது. நலமாக்கும் ஆற்றல் கொண்ட ஆட்டக்காரர் சிலர் யாரும் பணிக்காமலேயே உதவ முன்வந்தனர். 2007இல் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதழில் இந்நிகழ்வை ஆராய்ந்த எரிக் லாஃப்கிரென், நினா ஃபெஃபர்மன் ஆகியோர், அவ்வுதவி தொற்றுடையோரின் உயிரை நீட்டித்து நோய் மேலும் பரவ இடமளித்திருக்கக்கூடும் என்று சுட்டினர். உடனிருப்போர் அனைவரும் மருத்துவராக மாறுவதன் இடரை இந்நிகழ்வு விளக்குகிறது. கூடுதல் மருத்துவர்களைவிடச் சரியான சான்று கூறுவோரும் கணிப்பைத் திருத்துவோரும் அங்குத் தேவைப்பட்டனர் எனலாம்.

உடனிருப்பின் எல்லை

பாத்திரமேற்பில் ‘காட்மோடிங்’ என்று கண்டிக்கப்படும் வழக்கம் ஒன்றுண்டு. மற்றவர் பாத்திரம் என்ன உணர்ந்தது, என்ன செய்தது என்பதையும் தானே எழுதிவிடுதலை அது குறிக்கும். நலமாக்கல் காட்சிகளில் இது எளிதாக நிகழும். ‘அவள் கை பட்டதும் அவன் வலி மறைந்தது’ என்று மருத்துவப் பாத்திரத்தை ஆடுபவர் எழுதிவிட்டால் காயமுற்றவரை ஆடுபவருக்கு எழுத எதுவும் எஞ்சாது. வேலன் தலைவியின் நோய்க்குப் பெயரிட்டதும் இத்தகையதே. இதே பிழையை உடனிருப்போரும் செய்யக்கூடும் என்பதை மறத்தல் ஆகாது. தோழியின் சிறப்பு அவள் உண்மையை அறிந்திருந்தாள் என்பதில் மட்டும் இல்லை. தலைவியின் மறைபொருளை எவரிடம், எப்போது, எவ்வளவு வெளிப்படுத்துவது என்னும் அளவையும் அவள் அறிந்திருந்தாள். குறுந்தொகை 23இல் அவள் தலைவனின் பெயரைக் கூறவில்லை, குன்றத்தையே சுட்டினாள். காயமுற்றவரின் இசைவுக்கு உட்பட்டே உடனிருப்பவர் பேசவேண்டும் என்பது இதனால் பெறப்படும் விதி.

மறு எல்லை உடனிருப்போர் அற்ற களம். அதன் கொடுமையைத் தமிழ்நாடு விளையாட்டில் அன்றி வாழ்வில் கண்டுள்ளது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றி 28 பேர் இறந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்ப இயலவில்லை. தர்காவின் அருளை நாடி அழைத்து வரப்பட்டவர்கள் உறவினர் உடனில்லாமல் விடப்பட்டபோது, நோய் தீர்க்கும் இடம் அடைத்துவைக்கும் இடமாக மாறியிருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. சட்டம் சங்கிலியை நீக்கலாம். அருகில் நிற்பவரை அதனால் உண்டாக்க இயலாது. சங்கரன்கோவிலின் குழியில் அமர்பவருக்கும் இது பொருந்தும். அவரை அழைத்து வந்தவர் அங்கேயே நிற்கிறாரா, நின்று என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அக்குழி வழிபாட்டிடமாகவோ ஒதுக்கிடமாகவோ அமையும்.

முடிவுரை

குழுவாக நோய் தீர்க்கும் காட்சியில் உடனிருப்போரைச் சேர்த்தல் என்பது அவர்களுக்கும் ஒரு காயத்தையோ ஒரு மந்திரக்கோலையோ தருவதால் நிறைவேறுவதன்று. தீர்ப்பவரால் செய்ய இயலாத பணி ஒன்று அவர்களுக்கு இருக்கவேண்டும். அகப்பாடல்களின் தோழி வினாவாலும் வேண்டுகோளாலும் நோயின் பெயரைத் திருத்தினாள். குறுந்தொகையின் தலைவன் சான்றாக அழைக்கப்பட்டுப் பொறுப்புக்கு ஆளானான். சங்கரன்கோவிலில் சுற்றி நடப்பவர் தம் கால்களால் வலியைச் சுமக்கிறார். நம்பிக்கையை மட்டுமே கூட்டத்தின் பங்காகக் கண்ட கோட்பாடு இவற்றை உள்ளடக்கப் போதுமானதாக இல்லை.

இணையப் பாத்திரமேற்பைத் தமிழாய்வு இதுவரை பெரிதும் பொழுதுபோக்காகவே கருதிவந்துள்ளது. கூற்று, கேட்போர், களம், உள்நோக்கம் ஆகிய அகத்திணைக் கருவிகள் அதன் காட்சிகளை ஆராயப் பொருத்தமானவை என்பது இவ்வொப்பீட்டால் தெளிவாகிறது. மறுதலையாக, ஒரு காட்சியில் வேலையற்று நிற்கும் ஆட்டக்காரரின் இடர்ப்பாடு, வெறியாட்டுப் பாடல்களில் வேலனுக்கு அப்பால் நிற்பவர்களைப் புதிதாக நோக்கவும் தூண்டுகிறது. அப்பாடல்களில் பேசும் குரல் உடனிருப்போருடையதாகவே இருந்துள்ளது. அக்குரலைக் கேட்கும் முறையை ஆய்வுலகம் இனி வகுத்துக்கொள்ள வேண்டும்.